அம்மாவின் மருந்து நோட்டு

எங்கள் வீட்டு மர அலமாரியில், நிலப்பத்திரத்துக்கும் பழைய ரேஷன் கார்டுக்கும் அடியில் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, அதன்கீழ் தம்பியின் பெயர். அடுத்த பக்கத்திலிருந்து தேதி வாரியாகக் கணக்கு. ‘காலை பெரிய மாத்திரை 1, சாப்பிட்ட பிறகு. மதியம் மஞ்சள் மாத்திரை 2. ராத்திரி பொடி, பாலில். இன்று வாந்தி எடுத்தான், திரும்பக் கொடுத்தேன்.’ எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய என் அம்மா இரண்டு ஆண்டுகள் ஒரு நாள்கூட விடாமல் எழுதிய கணக்கு அது. 1998 ஜூன் மாதத்தோடு நின்றுவிடுகிறது. பிறகு வெற்றுப் பக்கங்கள்.

தம்பி 1984இல் பிறந்தான். அம்மாவுக்கு அப்போது வயது 23. அவனுக்கு டவுன் சிண்ட்ரோம் என்பதைத் திருநெல்வேலியில் ஒரு டாக்டர் அப்பாவைத் தனியாக அழைத்துச் சொன்னார். கைக்குழந்தையோடு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த அம்மாவிடம் யாரும் சொல்லவில்லை. தென்காசி பஸ்ஸில் பாதி வழி வந்தபிறகுதான் அப்பா வாய் திறந்தாராம்.

அவன் பன்னிரண்டு வயதுப் பையனாக இருந்தபோது அமெரிக்காவில் வேலை பார்த்த பெரியப்பா மகன் ஒரு அட்டைப்பெட்டி அனுப்பினார். வைட்டமின்கள், தாதுக்கள், அமினோ அமிலங்கள். இந்தக் குழந்தைகளின் உடம்பில் ஏதோ ‘விஷம்’ சேர்கிறது, இந்த மாத்திரைகள் அதை முறித்துவிடும், மூளை தெளியும் என்று கடிதத்தில் எழுதியிருந்தார். முதல் பெட்டிக்கு அண்ணன் காசு வாங்கவில்லை. அடுத்தடுத்த பெட்டிகளுக்கு அம்மாவின் கம்மலும் வளையலும் அடகுக்குப் போயின. 1998இல் எனக்கு மதுரையில் கல்லூரி இடம் கிடைத்தது. விடுதிக்கும் கட்டணத்துக்குமாக ஒரு தொகை வேண்டியிருந்தது. மாத்திரை நின்றது.

நான் படித்தது உயிர்வேதியியல். இன்று கல்லூரியில் அதையே கற்பிக்கிறேன். ஆண்டுதோறும் இரண்டாம் பருவத்தில் ‘ஆக்சிஜனேற்ற அழுத்தம்’ என்ற பாடம் வரும். கரும்பலகையில் சூத்திரத்தை எழுதும்போதெல்லாம் அந்த நோட்டின் வெற்றுப் பக்கங்கள் நினைவுக்கு வரும். அண்ணன் கடிதத்தில் எழுதிய ‘விஷம்’ இதுதான்.

சில ஆண்டுகளுக்கு முன் அம்மா கேட்டார்: “ஏட்டி, நீ இதெல்லாம் படிச்சவதானே. அந்த மாத்திரைய நிறுத்தாமக் குடுத்திருந்தா, பய இன்னும் கொஞ்சம் நல்லாப் பேசியிருப்பானோ?”

இருபது ஆண்டுகளாக மனசுக்குள் வைத்திருந்த கேள்வி. அதில் அம்மாவின் குற்ற உணர்வு இருந்தது. என் கல்லூரிக் கட்டணமும் இருந்தது. “அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா” என்று சொல்லி நகர்ந்துவிட எனக்கு மனம் வரவில்லை. சரியான பதிலைத் தேடிப் போனேன். தேடிப் போன இடத்தில் மருந்தின் வரலாற்றோடு தாய்மார்களின் வரலாறு ஒன்றும் கிடைத்தது.

*

மருந்து வருவதற்கு வெகுகாலம் முன்பே பழி வந்துவிட்டது.

1866இல் இங்கிலாந்து மருத்துவர் ஜான் லாங்டன் டவுன் இந்தக் குழந்தைகளைத் தனி வகையாக விவரித்துக் கட்டுரை எழுதினார். முகச்சாயலை வைத்து அவர்களை ஆசிய இனமொன்றோடு சேர்த்தார். ஐரோப்பியத் தாய்க்கு இப்படிப் பிள்ளை பிறக்குமானால் அது இனம் கீழிறங்குவதன் அடையாளம் என்பது அவர் காலத்து எண்ணம். பெற்றோரின் காசநோய்தான் காரணம் என்றும் நினைத்தார். ‘மங்கோலிசம்’ என்ற இனவாதப் பெயர் ஒரு நூற்றாண்டு ஒட்டிக்கொண்டது. 1961இல் மரபியலாளர்கள் சிலர் ‘லான்செட்’ இதழுக்குக் கடிதம் எழுதி எதிர்த்தார்கள். 1965இல் மங்கோலிய நாட்டின் வேண்டுகோளுக்குப் பிறகு உலக சுகாதார நிறுவனமும் அப்பெயரைக் கைவிட்டது.

1933இல் லயனல் பென்ரோஸ் என்ற ஆய்வாளர் நூற்றைம்பது குடும்பங்களின் கணக்கை எடுத்து ஆராய்ந்தார். தந்தையின் வயது பொருட்டல்ல, தாயின் வயதுதான் பொருட்படுகிறது என்று காட்டினார். கணக்கு சரியானது. ஆனால் புள்ளிவிவரமாக இருந்த ஒன்று ஊர் வாய்க்கு வந்தபோது தீர்ப்பாக மாறியது. ‘வயசான காலத்தில் பெற்றாள்’ என்ற ஒரு வரிக்குள் எல்லாத் தாய்மாரும் அடைபட்டார்கள். இளம்பெண்களுக்குத்தான் அதிகக் குழந்தைகள் பிறக்கின்றன. ஆகவே வாய்ப்பு குறைவாக இருந்தும் டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளில் பெரும்பாலோர் இளம் தாய்மாருக்கே பிறக்கிறார்கள். இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

என் அம்மாவுக்கு 23 வயது என்பதால் வேறு காரணங்கள் தேவைப்பட்டன. ஆச்சி சொன்ன காரணம் கிரகணம். அன்று அம்மா அரிவாள்மணையில் காய் நறுக்கினாராம். பக்கத்து வீட்டு அத்தை சொன்ன காரணம், மாசமாக இருந்தபோது சரியாகச் சாப்பிடாதது. அத்தையின் காரணத்துக்கு ஒரு பதில் இருந்தது. மாமியார் வீட்டில் எல்லோரும் சாப்பிட்டு முடித்தபிறகு மிஞ்சியதைத்தான் அம்மா சாப்பிட்டார். அந்தப் பதிலைச் சொல்ல அவருக்கு இடமிருக்கவில்லை.

பிற்கால மரபணு ஆய்வுகள் அந்தக் கூடுதல் குரோமோசோம் பத்தில் ஒன்பதுக்கும் மேலான குழந்தைகளுக்குத் தாயின் கருமுட்டை வழியாகவே வருகிறது என்று காட்டின. இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கூடவே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பெண்ணின் கருமுட்டைகள் அவள் தன் தாயின் வயிற்றில் இருக்கும்போதே பிரியத் தொடங்கி, பாதியில் நின்று, பல்லாண்டுகள் காத்திருந்து பிறகு தொடர்கின்றன. அந்த நீண்ட காத்திருப்பில் ஒரு ஜோடி பிரியாமல் போகலாம். அதற்கும் கிரகணத்துக்கும் அரிவாள்மணைக்கும் தொடர்பில்லை. அவள் உண்ட சோற்றுக்கும் உண்ணாத சோற்றுக்கும்கூடத் தொடர்பில்லை. முட்டை அவளிடமிருந்து வந்தது, குற்றம் வரவில்லை. ‘காரணம்’ என்ற சொல்லையும் ‘குற்றம்’ என்ற சொல்லையும் பெண்கள் விஷயத்தில் மட்டும் ஒன்றாகவே உச்சரிக்கப் பழகியிருக்கிறோம்.

*

கூடுதல் குரோமோசோம் இருக்கிறது என்பதை முதலில் கண்ணால் பார்த்தது யார்? நான் மாணவியாக இருந்தபோது பாடப்புத்தகத்தில் ஒரே பெயர்தான் இருந்தது: ஜெரோம் லெஜூன், பிரான்ஸ், 1959. அதையே என் மாணவிகளுக்கும் பல ஆண்டுகள் சொல்லிக்கொடுத்தேன். அதற்காக வெட்கப்படுகிறேன்.

மார்த் கோத்தியே 1925இல் பிரான்ஸில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். குழந்தை மருத்துவம் படித்தார். மருத்துவ மாணவியாக இருந்த அவருடைய அக்கா பாரீஸ் விடுதலையின்போது 1944இல் கொல்லப்பட்டார். 1955இல் மார்த் ஓராண்டு உதவித்தொகையில் அமெரிக்காவின் ஹார்வர்டுக்குப் போனார். அங்கே இதயநோய் கற்றதோடு ஓர் ஆய்வகத்தில் மனிதச் செல்களைக் கண்ணாடிக் குடுவையில் வளர்க்கும் கலையையும் கற்றுக்கொண்டார். பாரீஸுக்குத் திரும்பி த்ரூசோ மருத்துவமனையில் பேராசிரியர் ரேமோன் துர்பேனிடம் சேர்ந்தார். மனிதனுக்கு 46 குரோமோசோம்கள் என்று 1956இல் உறுதியாகியிருந்தது. டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளுக்கு எத்தனை என்று எண்ணிப் பார்க்கத் துர்பேனுக்கு ஆசை இருந்தது. செல் வளர்க்கத் தெரிந்த ஆள்தான் இல்லை. “இடம் கொடுங்கள், நான் செய்கிறேன்” என்ற பொருளில் மார்த் முன்வந்தார்.

கிடைத்தது ஒரு பழைய அறை. குளிர்பதனப் பெட்டி ஒன்று, சுழற்றிப் பிரிக்கும் எந்திரம் ஒன்று, திறன் குறைந்த நுண்ணோக்கி ஒன்று. பணம் இல்லை. கண்ணாடிப் பாத்திரங்களைக் கடன் வாங்கி வாங்கினார். செல் வளர்வதற்குக் கோழி இரத்தத்தின் பிளாஸ்மா வேண்டும், அதற்காக ஒரு சேவல் வாங்கி வளர்த்தார். மனித சீரமும் வேண்டும், அதற்குத் தன் கையிலிருந்தே இரத்தம் எடுத்துக்கொண்டார். இன்று ‘டிரைசோமி 21’ என்று நாம் பெயரிடும் உண்மை ஒரு பெண்ணின் இரத்தத்தில் வளர்ந்தது. இதை அலங்காரமாகச் சொல்லவில்லை. ஆய்வகத்தில் நடந்ததே அதுதான்.

1958 மே மாதம் அவர் எண்ணிப் பார்த்தபோது குழந்தையின் செல்லில் 47 இருந்தன. படம் எடுக்கத் தகுந்த நுண்ணோக்கி அவரிடம் இல்லை. துர்பேனின் குழுவில் இருந்த லெஜூன் வேறிடத்தில் படம் எடுத்துத் தருவதாகக் கண்ணாடித் தகடுகளை வாங்கிப் போனார். ஆகஸ்டில் கனடாவின் மாண்ட்ரியால் மாநாட்டில் லெஜூன் கண்டுபிடிப்பைச் சொன்னார். 1959 ஜனவரி 26 அன்று பிரெஞ்சு அறிவியல் கழக இதழில் கட்டுரை வந்தது. முதல் பெயர் லெஜூன், கடைசிப் பெயர் துர்பேன். நடுவில் மார்த், அவர் பெயரும் எழுத்துப்பிழையோடு. அதே ஆண்டு ஏப்ரலில் ஸ்காட்லாந்தின் எடின்பரோவிலிருந்து பட்ரீஷியா ஜேக்கப்ஸ் என்ற இளம் ஆய்வாளரின் குழுவும் தனியாக இதே முடிவை வெளியிட்டது. பாடப்புத்தகத்தில் அவர் பெயரும் இருக்கவில்லை.

மார்த் அந்தத் துறையை விட்டுக் குழந்தை மருத்துவத்துக்கே திரும்பினார். ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 2009இல், தன் தரப்பை எழுதினார். 2014 ஜனவரியில் போர்தோ நகரில் மரபியலாளர்கள் அவருக்குப் பதக்கம் அளித்துப் பேசவும் அழைத்தார்கள். லெஜூனின் பெயரால் இயங்கும் அறக்கட்டளை நீதிமன்ற அனுமதி பெற்று, பேச்சைப் பதிவுசெய்ய அதிகாரிகளை அனுப்பியது. பேச்சு ரத்தானது. பதக்கம் தனியாக வழங்கப்பட்டது. அப்போது அவருக்கு 88 வயது. அதே ஆண்டு பிரான்ஸின் தேசிய மருத்துவ ஆய்வு நிறுவனத்தின் அறநெறிக் குழு அந்தக் கண்டுபிடிப்பில் லெஜூனின் பங்கு முதன்மையானதாக இருந்திருக்க வாய்ப்பில்லை என்று கருத்துச் சொன்னது. 2022இல் மார்த் தன் 96ஆம் வயதில் இறந்தார்.

மாத்திரையைப் பற்றிய கட்டுரையில் இந்தக் கதை எதற்கு? பதில் அந்த ஆய்வுக்கூடத்திலேயே இருக்கிறது. லெஜூன் வாழ்நாள் முழுதும் ஒரு மருந்தைத் தேடினார். குரோமோசோமை நீக்க முடியாவிட்டாலும் அது கெடுக்கும் வேதியியலைச் சரிசெய்யலாம் என்பது அவர் நம்பிக்கை. ஃபோலிக் அமில வகை மருந்துகளில் அவருக்குப் பெரும் ஈடுபாடு. அந்த நம்பிக்கை நேர்மையானது. அம்மாவின் நோட்டுக்கு வந்து சேர்ந்த எண்ணத்தின் ஒரு கிளை பாரீஸில் அவருடைய குழுவிலிருந்துதான் புறப்பட்டது.

*

அந்த எண்ணத்தை, வகுப்பில் சொல்வதுபோலவே சொல்கிறேன்.

நாம் மூச்சில் இழுக்கும் ஆக்சிஜனைச் செல்கள் எரித்துச் சக்தி பெறுகின்றன. அடுப்பெரித்தால் புகை வருவதுபோல இதிலும் கழிவு உண்டு. சூப்பராக்சைடு என்பது அத்தகைய ஒரு கழிவு. கொழுப்பையும் புரதத்தையும் மரபணுவையும் தாக்கக்கூடியது. அதைச் சமாளிக்க உடம்பு ஒரு நொதியை வைத்திருக்கிறது: சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ். 1969இல் அமெரிக்காவில் மெக்கார்டும் ஃபிரிடோவிச்சும் இதன் வேலையைக் கண்டுபிடித்தார்கள். இது சூப்பராக்சைடை ஹைட்ரஜன் பெராக்சைடாக மாற்றும். பெராக்சைடும் தீங்கானதுதான். அதைத் தண்ணீராக்கி முடித்துவைக்கக் கேட்டலேஸ் போன்ற வேறு நொதிகள் இருக்கின்றன.

தெரு கூட்டும் வேலைபோல நினைத்துக்கொள்ளலாம். கூட்டிக் குவிக்கிறவர் ஒருவர், குவியலை வண்டியில் அள்ளுகிறவர் ஒருவர். கூட்டுகிற ஆட்கள் மட்டும் கூடி, வண்டி அதே எண்ணிக்கையில் இருந்தால் தெருமுனையில் குப்பை மலைபோல் சேரும். அள்ளப்படாத அந்தக் குவியலின் கெடுதலுக்குத்தான் ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்று பெயர்.

இந்த நொதிக்கான மரபணு 21ஆம் குரோமோசோமில் இருப்பது 1973இல் தெரிந்தது. இரண்டுக்குப் பதில் மூன்று பிரதிகள் இருந்தால் நொதி ஒன்றரை மடங்கு இருக்க வேண்டும். 1974இல் பாரீஸில் சினே, லெஜூன் உள்ளிட்ட குழுவினர் டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களின் இரத்தச் சிவப்பணுக்களில் அளந்து பார்த்தார்கள். ஏறத்தாழ அவ்வளவே இருந்தது. கூட்டுகிறவர் மூவர், அள்ளுகிறவர் இருவர். இந்த உடல்களில் முதுமை சீக்கிரம் வருவதற்கும், நாற்பதைத் தாண்டியவர்களின் மூளையில் அல்சைமர் நோயின் அடையாளங்கள் தென்படுவதற்கும் இது விளக்கமாகுமோ என்று தோன்றியது. 1995இல் ‘நேச்சர்’ இதழில் இன்னொரு முடிவு வந்தது. டவுன் சிண்ட்ரோம் உள்ள நரம்புச் செல்களைக் கிண்ணத்தில் வளர்த்தால் அவை சீக்கிரம் மடிகின்றன, ஆக்சிஜனேற்றத் தடுப்பான்களைச் சேர்த்தால் பிழைக்கின்றன.

இதைவிட அழகான கருதுகோள் எது? வைட்டமின் சி, ஈ, செலினியம், துத்தநாகம். வண்டி ஓட்ட ஆளனுப்பினால் குப்பை குறையும். வகுப்பில் இதை விளக்கும்போது மாணவிகளின் முகம் மலரும். எனக்கும் ஒருகாலத்தில் மலர்ந்தது. ஆனால் 21ஆம் குரோமோசோமில் இருநூறுக்கும் மேற்பட்ட மரபணுக்கள் இருக்கின்றன. கிண்ணத்தில் இருக்கும் செல் குழந்தையல்ல.

*

கருதுகோளுக்கு முன்பே மாத்திரை வந்துவிட்டது. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் ஹென்றி டர்கல் என்ற மருத்துவர் 1940களிலிருந்தே வைட்டமின், தாது, ஹார்மோன் என்று ஐம்பது அளவிலான பொருட்களைக் கலந்து இந்தக் குழந்தைகளுக்குக் கொடுத்துவந்தார். அரசின் மருந்துத் துறை அனுமதி மறுத்தது. அவர் நிறுத்தவில்லை.

1981இல் வர்ஜீனியாவைச் சேர்ந்த ரூத் ஹாரெல் என்ற பெண் ஆய்வாளர் மிக அதிக அளவு வைட்டமின்களும் தாதுக்களும் கொடுத்ததில் குழந்தைகளின் அறிவுத்திறன் எண் உயர்ந்ததாகக் கட்டுரை வெளியிட்டார். மொத்தம் 16 குழந்தைகள். அவர்களில் டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்கள் சிலரே. பத்திரிகைகள் செய்தியைப் பிடித்துக்கொண்டன. அடுத்த மூன்று, நான்கு ஆண்டுகளில் வேறு பல குழுக்கள் கூடுதல் குழந்தைகளோடும் இறுக்கமான ஒப்பீட்டோடும் திரும்பச் செய்து பார்த்தன. பலன் இல்லை. அந்தச் செய்தி முதல் செய்தி போன தூரம் போகவில்லை. ஹாரெல் பெண் என்பதால் அவர் பிழையை மென்று விழுங்க வேண்டியதில்லை. பெண்களும் தவறாக நம்பலாம். நம்பிக்கைக்கு விலை கொடுத்தவர்களும் பெண்கள்தான் என்பதே எனக்கு முக்கியம்.

1990களில் ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்ற புதுச்சொல் பழைய மாத்திரைக்கு அறிவியல் உடை தைத்துக் கொடுத்தது. அமெரிக்காவில் தாய்மார்களே முன்னின்று இதைப் பரப்பினார்கள். தொலைக்காட்சியில் பேசினார்கள், கடிதம் எழுதினார்கள், ஒருவருக்கொருவர் போன் செய்தார்கள். அவர்களை ஏமாளிகள் என்று எழுதுவது எளிது. நான் அப்படி எழுதமாட்டேன். “இவனுக்கு எதுவும் செய்ய முடியாது, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்” என்று மருத்துவம் கதவை மூடியபோது, எதையாவது செய்ய முடியும் என்று சொன்னவர்கள் பக்கம் அவர்கள் போனார்கள். அந்தக் கதவுக்கு வெளியேதான் என் அம்மாவும் நின்றார்.

ஆனால் அந்தப் பக்கத்திலும் ஒரு பொறி இருந்தது. மருந்து பலித்தால் அது மருந்தின் வெற்றி. பலிக்காவிட்டால் தாய் தாமதமாகத் தொடங்கினாள், ஒருவேளை தவறவிட்டாள், பாதியில் நிறுத்தினாள். கிரகணத்தன்று காய் நறுக்கிய அதே பெண் இப்போது மாத்திரையை நிறுத்தியவளானாள். பழி இடம் மாறியது, ஆள் மாறவில்லை. நோய்க்குக் காரணமும் அவளே, மருந்துக்குக் கையும் அவளே. பாலில் பொடி கலக்குவது, துப்பினால் திரும்ப ஊட்டுவது, கணக்கு எழுதுவது, நகையை அடகு வைப்பது எல்லாம் சேர்ந்த அந்த உழைப்புக்கு எந்த ஆய்வுக் கட்டுரையிலும் ஒரு பத்திகூட இல்லை.

பத்திரமானது என்ற பேச்சும் முழு உண்மையல்ல. வைட்டமின் ஏ உடம்பில் தங்கிச் சேர்வது. அளவு மீறினால் ஈரலைக் கெடுக்கும், மண்டைக்குள் அழுத்தத்தைக் கூட்டும். நோட்டில் ‘இன்று வாந்தி எடுத்தான், திரும்பக் கொடுத்தேன்’ என்ற வரி ஒன்பது இடங்களில் இருக்கிறது. அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசையும்.

*

சரியான கேள்வியைச் சரியான முறையில் கேட்டவர்கள் இங்கிலாந்தில் இருந்தார்கள். 2008இல் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ அவர்களுடைய சோதனை முடிவை வெளியிட்டது. கட்டுரையின் முதல் பெயர் ஜில் எல்லிஸ்.

டவுன் சிண்ட்ரோம் உள்ள 156 குழந்தைகள். எல்லோரும் ஏழு மாதத்துக்கு உட்பட்டவர்கள். ‘தாமதமாகத் தொடங்கினார்கள்’ என்று யாரும் சொல்லிவிட முடியாத வயது. குலுக்கல் முறையில் நான்கு பிரிவு. ஒரு பிரிவுக்கு ஆக்சிஜனேற்றத் தடுப்பான்கள்: செலினியம் 10 மைக்ரோகிராம், துத்தநாகம் 5 மில்லிகிராம், வைட்டமின் ஏ 0.9 மில்லிகிராம், ஈ 100 மில்லிகிராம், சி 50 மில்லிகிராம். இன்னொரு பிரிவுக்கு 0.1 மில்லிகிராம் ஃபோலினிக் அமிலம். மூன்றாம் பிரிவுக்கு இரண்டும். நான்காம் பிரிவுக்கு மருந்தில்லாத போலி. பாரீஸில் பிறந்த இரண்டு நம்பிக்கைகளையும் சேர்த்தே சோதித்தார்கள். எந்தக் குழந்தைக்கு எது என்று பெற்றோருக்கும் தெரியாது, அளந்தவர்களுக்கும் தெரியாது. வீட்டில் தினமும் கொடுக்க வேண்டும். குழந்தைக்கு ஒன்றரை வயதானதும் வளர்ச்சியை அளப்பார்கள்.

வளர்ச்சி எண், தடுப்பான்கள் பெற்ற குழந்தைகளுக்குச் சராசரியாக 57.3. பெறாதவர்களுக்கு 56.1. தற்செயலாலேயே வந்துவிடக்கூடிய வேறுபாடு. ஃபோலினிக் அமிலத்திலும் அப்படியே. பேச்சிலும் வேறுபாடில்லை. இரத்தத்திலும் சிறுநீரிலும் அளந்த வேதியியல் அடையாளங்கள்கூட மாறவில்லை. அதாவது குப்பை அள்ள அனுப்பிய வண்டி தெருமுனைக்கே போய்ச் சேரவில்லை.

பெரியவர்களிடமும் பார்த்தார்கள். டவுன் சிண்ட்ரோமோடு மறதிநோயும் வந்த 53 பேருக்கு இரண்டு ஆண்டுகள் வைட்டமின் ஈ, சி, லிபோயிக் அமிலம் கொடுத்த அமெரிக்க ஆய்வு 2011இல் வந்தது. பாதுகாப்பானதுதான், பலன் இல்லை. ஐம்பது வயதைத் தாண்டிய 337 பேருக்கு மூன்றாண்டுகள் அதிக அளவு வைட்டமின் ஈ கொடுத்த ஆய்வு 2016இல் வந்தது. மறதி சரிவதை அது தடுக்கவில்லை.

ஆக்சிஜனேற்ற அழுத்தம் பொய்யென்று இதற்கு அர்த்தமில்லை. அது அளந்து பார்க்கக்கூடிய உண்மை. அந்த உண்மைக்கு இந்த மாத்திரை விடையல்ல என்பதுதான் அர்த்தம். அழகான கருதுகோளுக்கும் குழந்தையின் வாய்க்கும் நடுவே நியாயமான ஒரு சோதனை நிற்க வேண்டும். டர்கல் காலத்திலிருந்து எண்ணினால் அது வந்து நிற்க அறுபது ஆண்டுகளுக்கு மேலானது. அவ்வளவு காலமும் சோதனையைத் தாய்மார்கள் தங்கள் அடுக்களையில், தங்கள் செலவில் நடத்திக்கொண்டிருந்தார்கள்.

இந்தக் குழந்தைகளின் வாழ்க்கையை உண்மையில் மாற்றியவை வேறு. ஏறக்குறைய பாதிப்பேருக்குப் பிறவியிலேயே இதயக்கோளாறு உண்டு. அதற்கு அறுவைசிகிச்சை செய்யத் தொடங்கினார்கள். தைராய்டைச் சோதித்தார்கள். காது கேட்கிறதா, கண் தெரிகிறதா என்று பார்த்தார்கள். காப்பகங்களிலிருந்து வீட்டுக்கும் பள்ளிக்கும் அனுப்பினார்கள். அமெரிக்காவில் இவர்கள் இறக்கும் வயதின் நடு எண் 1983இல் 25. 1997இல் 49. எந்த மாத்திரையும் இதைச் செய்யவில்லை. கதவைத் திறந்ததுதான் செய்தது. தம்பிக்குக் காது மந்தம் என்பது அவனுடைய 19ஆம் வயதில்தான் தெரிந்தது. அதுவரை ‘கூப்பிட்டால் திரும்பமாட்டான், புத்தி அவ்வளவுதான்’ என்றுதான் நினைத்திருந்தோம். ஒரு டாக்டரும் காதில் விளக்கடித்துப் பார்த்ததில்லை. நிறுத்திய மாத்திரைக்காக அல்ல, செய்யப்படாத அந்தக் காதுச் சோதனைக்காகத்தான் யாராவது எங்களிடம் வருத்தம் தெரிவித்திருக்க வேண்டும்.

*

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மார்த் தன் இரத்தத்தை எடுத்ததைச் சொன்னபோது “சேவலுமா வளத்தா?” என்று கேட்டுச் சிரித்தார். 156 குழந்தைகளைப் பற்றிச் சொன்னபோது சிரிப்பு நின்றது.

“அந்த அம்மாக்களும் தெனமும் குடுத்தாங்களா?”

“ஆமாம்மா. ஒரு வருஷத்துக்கு மேல.”

“மருந்தா, சும்மா மாவான்னு தெரியாமயே?”

“தெரியாமயேதான்.”

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அவங்க அவ்வளவு பாடுபட்டதுனாலதான நமக்கு இன்னிக்கு இது தெரியுது” என்றார்.

இந்தச் சோதனையை எத்தனையோ முறை படித்திருக்கிறேன். எனக்கு அது தோல்வியடைந்த சோதனையாகவே தெரிந்தது. அம்மாவுக்கு அது அந்தப் பெண்கள் செய்து முடித்த வேலை. பலன் இல்லை என்ற பதிலும் பதில்தான். அது யாரோ தினமும் ஊட்டியதால் கிடைத்தது. அந்தப் பதில் இருப்பதால், இனிமேல் ஒரு பெண் கம்மலை அடகு வைக்காமல் இருக்கலாம். “நிறுத்தியது நீதான்” என்று யாரும் அவளிடம் சொல்ல முடியாது.

இன்றும் இத்தகைய மாத்திரைகள் விற்கின்றன. பெயர் மாறியிருக்கிறது, புட்டியின் நிறம் மாறியிருக்கிறது. விற்கிறவர்கள் முதலில் பேசுவது இன்றும் அம்மாக்களிடம்தான். என் மாணவிகளுக்கு இப்போது அந்தப் பாடத்தை நடத்தும்போது சூத்திரத்தோடு மூன்று கேள்விகளையும் கரும்பலகையில் எழுதுகிறேன். போலி மருந்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்களா? பலிக்காவிட்டால் பழி யார்மேல் விழும்? தினமும் ஊட்டப்போவது யார்? மார்த் கோத்தியே என்ற பெயரையும் எழுதுகிறேன், எழுத்துப்பிழை இல்லாமல்.

நோட்டைத் திரும்ப அலமாரியில் வைக்கப் போனேன். அம்மா வாங்கிக்கொண்டார். மிச்சம் இருந்த வெற்றுப் பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் தம்பியைக் கூப்பிட்டார். காதுக்கருவி போட்டிருந்ததால் முதல் கூப்பாட்டிலேயே வந்தான். அவனுக்குக் கோடு போட்டு எழுதப் பிடிக்கும். “இந்தா, எழுது” என்று நோட்டையும் பேனாவையும் அவன் கையில் கொடுத்தார்.